இரண்டு பேர் படகு

11. அரை அங்குலம்

சகலைகள் இருவரும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். காரணம் ஒரு ஏணி.

பேக்கரிக்காரர் இரவல் வாங்கிப் போன ஏணி, ஒரு படி குறைந்து திரும்பி வந்தது. "கொடுக்கும்போதே ஆடிச்சு" என்றார் அவர். "ஆடுறதைக் கொடுக்கிற ஆளா நான்?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். அதோடு சரி. மெக்கானிக்கின் மனைவி அக்காவும் பேக்கரிக்காரரின் மனைவி தங்கையும் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். கணவர்கள் பக்கத்து அறையில் காது கொடுத்தார்கள்.

இப்போது அதே ஏணி லிஃப்ட்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் நான்கு ஸ்டூல்களின் மேல் படுத்திருக்கிறது. அதன் மேல்தான் படகு வளர்கிறது. கார் தெருவில் வெயில் காய்கிறது.

படகு கட்டலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்னும் தகராறு உண்டு. நல்ல தகராறு. ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்.

வரைபடம் தபாலில் வந்தது. முழு அளவுத் தாள்கள். இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போகும் படகு. பலகை வாங்கும் முன்பே லிஃப்ட்காரர் ஒரு பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டி ஷெட்டின் ஆணியில் மாட்டிவிட்டார். 'அதிகபட்சம் 2 நபர்கள்.' மனிதர்கள் ஏறி நிற்கும் எதிலும் அது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"மூணாவதா ஒருத்தர் ஏறினா என்னங்க ஆகும்?" என்று அக்கா அப்போது கேட்டாள். ஏதோ ஒரு காலரில் ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு அங்குலம் படகு இறங்கும். மூணாவது ஆள் வந்தா விளிம்பு தண்ணிக்குக் கிட்ட போயிடும். சின்ன அலை அடிச்சாலும் உள்ள வரும்."

"ஓ" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளுக்குத் தையல் தொழில். வீட்டின் முன் அறைதான் கடை. தாளிலிருந்து பலகைக்குக் கோட்டை மாற்றும் வேலை அவளிடம் வந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பிளைவுட்டின் மேல் மண்டியிட்டு, சாக்பீஸால் எல்லாக் கோடுகளையும் போட்டு முடித்தாள். அந்தக் கோட்டின் மேல் ரம்பம் ஓட்டிப் பக்கங்களையும் அடிப்பலகையையும் அறுத்தவர் பேக்கரிக்காரர். உள்ளே நிற்க வேண்டிய மூன்று குறுக்குச் சட்டங்களைத் தனியாகச் செய்தவர் லிஃப்ட்காரர்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் ஒன்று சேரும் நாள்.

*

காலையில் பேக்கரிக்காரர் பன் பையோடு வந்தார். பின்னால் தங்கை.

"சூடா இருக்கு. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் படகு."

"முதல்ல படகு" என்றார் லிஃப்ட்காரர், பன்னைக் கடித்துக்கொண்டே.

இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். பிறகு மரத்தூள் கலந்த பசையை உள்மூலைகளில் பூச வேண்டும். பசை காய்ந்ததும் கம்பியைப் பிடுங்கிவிடலாம்.

"பிரிக்கிறதுக்குன்னே போடுற தையல்" என்றாள் அக்கா. "நானும் போடுவேன். ஆனா கம்பியில இல்ல."

பேக்கரிக்காரர் துளை போட்டார். அக்கா கம்பி கோத்தாள். தங்கை குறட்டால் முறுக்கினாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடுகளவு திருகாணி பழகிய விரல்கள்.

"அவ்வளவு முறுக்காத. அறுந்துடும்" என்றார் அவள் கணவர்.

"நீங்க துளையை நேரா போடுங்க. மாவுல விரல் விடுற மாதிரி அங்க ஒண்ணு இங்க ஒண்ணு போட்டு வச்சிருக்கீங்க."

"மாமா, உங்க கொழுந்தியாவைக் கொஞ்சம் அடக்குங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? அதுக்குத்தானே உங்களுக்குக் கட்டி வச்சது" என்றார் லிஃப்ட்காரர். பின் யோசித்து, "நீங்க என்னை மாமான்னா கூப்பிட்டீங்க?"

"அவ கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் வந்துடுச்சு, சகலை."

டீ வருவதற்குள் பலகைகள் நிமிர்ந்துவிட்டன. முன்பக்கம் இரண்டும் கூடி ஒரு மூக்கு ஆனது. நேற்றுவரை சுவரில் சாய்ந்திருந்த தட்டைப் பலகைகள். இன்று வயிறு வைத்த ஒன்று அங்கே இருந்தது. நான்கு பேரும் டீ டம்ளரோடு அதைச் சுற்றி வந்தார்கள். தங்கை அதன் விலாவில் ஒரு தட்டு தட்டினாள்.

"சட்டத்தைக் கொண்டு வரேன்" என்று லிஃப்ட்காரர் டம்ளரை வைத்தார்.

*

சட்டம் உள்ளே இறங்கியது. மிகச் சுலபமாக இறங்கியது.

சுலபமாக நடக்கும் எதையும் லிஃப்ட் மெக்கானிக் நம்புவதில்லை. ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சட்டம் இடது பக்கம் போய் முட்டியது. இப்படித் தள்ளினார். வலது பக்கம் போய் முட்டியது. நடுவில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் நுழைந்தது.

இரண்டாவது சட்டமும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. தவிர, பலகைகள் சட்டத்தின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றன. அப்பாவின் சட்டையைப் போட்ட பையன் மாதிரி மூன்றும் உள்ளே நின்றன.

"சகலை, கோட்டு மேல அறுத்தீங்களா, கோட்டுக்கு வெளிய அறுத்தீங்களா?"

"கோட்டு மேல."

"அப்ப இது?"

"சட்டம் யார் செஞ்சது?"

"சட்டம் தாள்ல இருக்கிற அளவு. வச்சுப் பாருங்க."

"பலகையில சாக்பீஸ் கோடு பாதி இன்னும் ஒட்டிட்டு இருக்கு. நீங்களும் வந்து பாருங்க."

"பார்த்துட்டேன். கைப்பக்குவம்னு விட்டிருப்பீங்க. இது பன் இல்ல, கொஞ்சம் கூடக் குறைய இருந்தா உப்பிச் சரியாகிறதுக்கு."

"பன்னுன்னா லேசா? ஒரு நாள் வந்து அடுப்பு முன்னாடி நின்னு பாருங்க."

"நான் அப்படிச் சொல்லலை."

"இப்பத்தான் சொன்னீங்க. எப்பவும் உங்க பக்கம் சரி, மத்தவன் பக்கம் தப்பு. அந்த ஏணி விஷயத்துலயும்..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

ஏணி என்ற வார்த்தையை அந்த ஷெட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. 'ஸ்டாண்டு', 'அடிக்கட்டை', 'இந்தக் கீழ இருக்கிறது' என்று எதையெதையோ சொல்லிச் சமாளித்து வந்தார்கள். பெண்களும்கூட.

தங்கை குறட்டைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நான் கிளம்பறேன்" என்றார் பேக்கரிக்காரர். "மாவு வண்டி வர்ற நேரம்."

ஞாயிற்றுக்கிழமை மாவு வண்டி வராது. எல்லோருக்கும் தெரியும். அவர் சுவரில் மாட்டியிருந்த பன் பையை எடுத்து உதறி மடித்தார். வெறும் பை. அதை அவ்வளவு கவனமாக மடிக்க வேண்டியதில்லை. லிஃப்ட்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆடும் சட்டத்தை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா இடைவெளியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். எடுத்தாள். இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தாள்.

"பையை மாட்டுங்க தம்பி" என்றாள். "தப்பு என்னோடது."

"நீ சும்மா இரு" என்றார் கணவர். "தங்கச்சி வீட்டுக்காரர்னு விட்டுக் கொடுக்காத."

"அண்ணி, அவருக்காக நீங்க பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்க வேண்டாம்" என்றார் பேக்கரிக்காரர்.

"கோடு நான் போட்டது."

"அக்கா போட்ட கோடு தப்பாகும்னா இந்த ஊர்ல பாதிப் பேர் வெளிய தலை காட்ட முடியாது" என்றாள் தங்கை.

இன்று மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அக்கா எழுந்தாள். கணவரின் சட்டையை, அவர் போட்டிருக்கும்போதே, இடுப்புக்குக் கீழே பிடித்து இழுத்தாள். பக்கத் தையலை உள்ளிருந்து வெளியே புரட்டினாள். தையலைத் தாண்டி மிச்சம் விட்ட துணி ஒரு பட்டை மாதிரி நின்றது. அந்தப் பட்டையைக் கொண்டுபோய் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் பிடித்தாள். துணி வந்த வழியே லிஃப்ட்காரரும் சாய்ந்து வந்தார்.

பட்டை இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடிந்தது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"தையலுக்கு விட்டது" என்றாள். "அரை அங்குலம். எல்லா ஓரத்துலயும் விட்டிருக்கேன்."

"பலகைக்கா?"

"தாளை வச்சேன். சுத்தி அரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டேன். எந்தத் தாளை வச்சாலும் அப்படித்தானே போடுவேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார் கேட்டீங்க? ரெண்டு பேரும் வந்து நின்னு, கோடு எவ்வளவு அழகுன்னு சொல்லிட்டு டீ குடிச்சீங்க."

"சட்டம் இருக்கே, அதுல இடிக்கும்னு தோணலையா?"

"தோணலை" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. "நான் தைக்கிறதுக்குள்ள சட்டம் கிடையாது. ஆள்தான் உண்டு."

முதலில் சிரித்தவர் பேக்கரிக்காரர். மூக்கால் ஆரம்பித்து வயிற்றுக்குப் போன சிரிப்பு. "படகுக்குத் தையல் விட்ட குடும்பம் உலகத்துலயே நம்மதா இருக்கும், அண்ணி."

"கை மடிக்கவும் விட்டிருக்கியா?" என்றாள் தங்கை. "பட்டன் எங்க வருது?"

"சட்டையை விடும்மா" என்றார் லிஃப்ட்காரர், சாய்ந்தபடியே. விட்டாள். அவர் நிமிர்ந்து, சட்டையை உள்ளே திணித்து, பலகையைப் பார்த்துச் சொன்னார்: "பன் லேசான வேலைன்னு நான் சொல்லலை."

"எனக்குத் தெரியும்."

"அந்த ஏணி..."

லிஃப்ட்காரர் ஆடும் சட்டத்தை ஒரு கையால் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் ஆடத்தான் செஞ்சது" என்றார்.

பேக்கரிக்காரர் மடித்த பையை விரித்து மீண்டும் ஆணியில் மாட்டினார்.

*

"சரி, பிரிச்சிடலாம்" என்றார் லிஃப்ட்காரர். பாரம் இறங்கியதில் அவருக்கு வேகம் வந்துவிட்டது. "சுத்தி அரை அங்குலம் அறுத்து எடுத்துட்டு மறுபடி தைச்சா பிளான்படி வந்துடும். சகலை, அந்தக் குறட்டை எடுங்க."

பேக்கரிக்காரர் குனிந்து எடுத்தார்.

"பிரிக்கணுமா?" என்றாள் அக்கா.

"பின்ன?"

"பெரிசா வெட்டினதைப் பிடிச்சுத் தைக்கலாம். சின்னதா வெட்டினதை ஒண்ணும் பண்ண முடியாது. அதனால பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பேன். போடுறவங்க வளர்ற ஆளா, இல்லையான்னு."

"படகு வளருமா?"

"படகு வளராது. மேல் ஓரத்துல அரை, கீழ் ஓரத்துல அரை. பக்கம் எவ்வளவு ஒசந்திருக்கு?"

"ஒரு அங்குலம்." வகுப்பில் பதில் சொல்வதுபோல லிஃப்ட்காரர் சொன்னார்.

"ஒரு ஆள் ஏறினா எவ்வளவு இறங்கும்னு சொன்னீங்க?"

லிஃப்ட்காரர் ஆணியில் தொங்கிய பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.

"ஒரு அங்குலம்" என்றார் பேக்கரிக்காரர் அவருக்குப் பதிலாக. "என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கார்."

"மூணாவது ஆளா? யாரு?" என்றார் லிஃப்ட்காரர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நான் இல்லப்பா" என்றாள் தங்கை. "ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே எனக்குக் குடலைப் புரட்டும்."

அக்கா ஒரு கம்பியின் நுனியை மடக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடக்கிய நுனி.

"நீயா?" என்றார் லிஃப்ட்காரர்.

"ம்."

"ஏறணும்னு நீ சொல்லவே இல்லையே."

"மூணாவதா ஏறினா என்ன ஆகும்னு கேட்டேனே."

"அது சந்தேகம்னு நினைச்சேன்."

"சரி, விடுங்க."

"விடுறதாவது. இரு." டேப்பை எடுத்தார். முன்னால் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், பின்னால் ஒரு இடம் அளந்தார். அடிப்பலகையின் அகலத்தை அளந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு அட்டைத் துண்டில் கணக்குப் போட்டார். அடித்தார். மீண்டும் போட்டார். "ஆனா பிளான்ல ரெண்டு பேர்."

"சகலை," என்றார் பேக்கரிக்காரர், "பிளான்ல இருக்கிற படகு இது இல்ல."

லிஃப்ட்காரர் அதை ஏற்றுக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். தங்கை இன்னொரு டீ போட்டு வந்துவிட்டாள்.

"சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குலம் ஓரம் கட்டிடலாம். அது பிரச்சினை இல்ல. ஆனா ஒண்ணு. லோடு டெஸ்ட் பண்ணாம நான் ஆள் ஏத்த மாட்டேன். எந்த லிஃப்ட் கூண்டுலயும் ஏத்தினதில்ல."

"எதை வச்சு டெஸ்ட்?"

"மூணு பேர் எடைக்கு ஏதாவது."

"மாவு மூட்டை நான் தரேன்" என்றார் பேக்கரிக்காரர். "நனைஞ்சா மட்டும், மொத்தத்தையும் நீங்க உட்கார்ந்து பன்னா போட்டுத் தரணும்."

"நனையாது" என்றார் லிஃப்ட்காரர். பிறகு மனைவியிடம் திரும்பி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அந்த நிதானக் குரலில் சொன்னார்: "ஏரியில இறக்கி மூட்டையை வைப்பேன். விளிம்பு தண்ணிக்கு மேல நிக்க வேண்டிய அளவு நின்னா மூணு பேர். இல்லைன்னா ரெண்டு பேர்தான். என்ன?"

"சரி" என்றாள் அக்கா.

அவர் ஆணியிலிருந்து தகட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

சாயங்காலம் பசை கலக்கும் வேலை நடந்தது. ஷெட்டிலிருந்து ஆண்கள் குரல் கேட்டது.

"இன்னும் கெட்டியாகணுமா?"

"வேண்டாம். காது மடலைத் தொட்டுப் பாருங்க. அந்தப் பதம்."

"யார் காது?"

"உங்க காதுதான் சகலை. என் காதை ஏன் பிடிக்கறீங்க?"

தங்கை கை துடைக்கத் துணி தேடி முன் அறைக்கு வந்தாள். அக்கா மெஷினுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். பழைய துணி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். தங்கை குனிந்து இழுத்தாள்.

படகு இருக்கைக்குத் தைத்த குஷன்கள் வந்தன. நீலக் கித்தான், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. ஒன்று. இரண்டு. அதன் பின்னால் இன்னொன்று.

மூன்றின் மேலும் ஒரே அளவு தூசி.

"அக்கா."

"ம்."

"எந்தத் தாளுக்கும் அப்படித்தான் போடுவேன்னு சொன்ன."

"கைப்பழக்கம்தான்."

"இது?"

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது.

தங்கை மூன்றாவது குஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமாகிட்ட நேரா கேட்டிருக்கலாமே. மாட்டேன்னா சொல்லப் போறார்?"

"சொல்ல மாட்டார். எழுந்து இடம் கொடுத்திடுவார். அவர் இல்லைன்னா உன் வீட்டுக்காரர் கொடுத்திடுவார். அப்புறம் ரெண்டு பேர்ல ஒருத்தர் கரையில நின்னு கையாட்டுவார்." அக்கா துணியை ஊசிக்கடியில் சரி செய்தாள். "இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரு படகுல ஏறப் போறாங்க. அதுல ஒருத்தரை நான் இறக்கி விடணுமா?"

தங்கை குஷனின் தூசியைத் தட்டினாள். "சட்டத்தை மறந்துட்டியே" என்றாள்.

"மறந்துட்டேன். அது சத்தியம். உன் வீட்டுக்காரர் பையை மடிச்சப்போ எனக்குக் கையே ஓடலை."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை மூன்றாவது குஷனை ஸ்டூலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

லிஃப்ட்காரர் வாசலில் நின்றார். இரண்டு கையிலும் பசை. எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு காதிலும் பசை.

"குஷன் எத்தனை தைச்சே?"

"ரெண்டு."

"இன்னொண்ணுக்குத் துணி இருக்குமா?"

"பார்க்கணும்."

"டெஸ்ட் முடியாம தைக்க வேண்டாம். துணியை மட்டும் எடுத்து வை." போனார். நான்கு எட்டு போய்த் திரும்பி வந்தார். "நீலத்துலயே பாரு. மூணும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

"சரிங்க."

அவர் கொழுந்தியாவைப் பார்த்தார். "நீ என்ன, இன்னிக்கு ஒசந்த மாதிரி தெரியற?"

"ரெண்டு டீ குடிச்சேன் மாமா."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஷெட்டில் குரல்கள் மீண்டும் சேர்ந்துகொண்டன.

தங்கை அசையாமல் இருந்தாள். "அக்கா, நான் எவ்வளவு நாள் இது மேல உட்கார்ந்திருக்கணும்?"

"மாவு மூட்டை ஏறி இறங்கற வரைக்கும்" என்று சொல்லி அக்கா மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.